முதிர்ச்சி வாரியமும் மூக்கு ஒழுகும் நாயகனும்

முதல் காதலின் விலை நானூற்று இருபது. வரி தனி. வெட்கத்துக்கு எழுபது, ஊடலுக்குத் தடவைக்கு முப்பது. பிரிவுக்கு மட்டும் கட்டணம் கிடையாது; அதை வாரியம் ஊக்குவிக்கிறது. இந்த விலைப்பட்டியல் வரவேற்பறைச் சுவரில், செடி வைக்காத பூந்தொட்டிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"மொத்தமா எடுத்தா ஏதாச்சும் கொறைப்பாங்களா?" என்றார் சித்தப்பா.

"சும்மா இருங்க சித்தப்பா," என்றாள் படக்காரி.

சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு அச்சகம். படக்காரி அவர் அண்ணன் மகள், அவர் அச்சடிக்கும் மங்காவை வரைகிறவள். மங்கா என்பது வலப்பக்கத்திலிருந்து படிக்கிற சித்திரக்கதை. மற்றப் புத்தகங்கள் முடிகிற அட்டையில் அது ஆரம்பிக்கும். அவளுடையது காதல் மங்கா. ஒன்பது வருஷமாக ஒரே பையன், ஒரே பெண். பையனை வாசகர்கள் குடைக்காரன் என்பார்கள், பெண்ணை முன்பெஞ்சு என்பார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் அவர்கள் இருவருக்கும் ஒரு வயதுதான் ஏறியது. பாக்கி எட்டும் வரைந்தவள் தலையில் ஏறின.

கதை பெரிய கதை இல்லை. ஒரு மழை நாளில், முன்பின் தெரியாத பையன் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து முன்பெஞ்சு தன் குடையை அவன் கையில் திணித்துவிட்டு ஓடிப்போகிறாள். அந்தக் குடையைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பையன் பன்னிரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டான்.

இதைத்தான் யாரோ ஒரு பொறுப்பானவர் புகாராக எழுதிப் போட்டார். காதல் சித்திரக்கதைகளில் வரும் பதினாறு வயதுப் பிள்ளைகள் பதினாறு வயதுப் பிள்ளைகளைப் போலவே நடந்துகொள்கிறார்கள், பிடித்தவளைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிகிறார்கள், கேட்டால் காய்ச்சல் என்கிறார்கள், இது நாட்டுக்கு நல்லதில்லை என்று. மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. பதின்வயதுக் கதைமாந்தர் உணர்ச்சி முதிர்ச்சிச் சான்றளிப்பு வாரியம் பிறந்தது. வாரியத்தின் சான்று இல்லாமல் எந்தப் பாத்திரமும் அச்சில் காதலைச் சொல்லக் கூடாது.

படக்காரி கையில் இருந்தது பதின்மூன்றாவது புத்தகம், கடைசிப் புத்தகம். கடைசி என்பதால், இருவரும் வேறு வேறு வகுப்பில் அறிமுகமில்லாமல் இருந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சுருக்கமாக மறுபடி சொல்லி வந்து, குடைப் பக்கத்தில் முடித்திருந்தாள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. பையன் குடையை நீட்டுகிறான். மூக்கு ஒழுகுகிறது. "எனக்கு... உன்... குடை நல்லா இருந்துச்சு," என்கிறான். ஓடிவிடுகிறான். காலிக் கட்டம். இன்னொரு காலிக் கட்டம். திரும்பி வந்து, மூச்சிரைக்க, உடைந்த குரலில், "குடை இல்ல. நீ," என்கிறான். அவள் கன்னத்தில் ஏழு துளி.

இந்த ஒரு பக்கத்துக்காக அவள் கிழித்துப் போட்ட தாளை எடைக்குப் போட்டே சித்தப்பா ஒரு மாசம் மின்கட்டணம் கட்டினார். "இந்தப் பக்கம் இப்படியே வரணும். இல்லேன்னா புத்தகமே வேணாம்," என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தாள். சான்று மறுக்கப்பட்டால் பக்கத்தை நீக்க வேண்டும் என்பது விதி.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "பையன் வந்திருக்காரா?"

"எந்தப் பையன் சார்?"

"காதல் சொல்லப் போறவரு."

"அவன் படத்துல இருக்கான் சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க." அலுப்போடு எதையோ குறித்துக்கொண்டார். "பாதுகாவலர்?"

"அப்பா அம்மா வெளியூர்ல."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க சார். இந்த மாதிரிக் கதையில அப்பா அம்மா வெளியூர்லதான் இருப்பாங்க. வந்துட்டா கதை நடக்காது."

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். "பதினாறு வயசுப் புள்ளைய ஒன்பது வருஷமா தனியா விட்டுட்டு வெளியூர்ல இருக்காங்க. இது வேற துறைங்க. மூணாவது மாடி."

சித்தப்பா முன்னால் வந்தார். "பாதுகாவலர் நான்தாங்க. எங்க அச்சகத்துலயே பொறந்து வளர்ந்த புள்ள."

எழுத்தர் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். பையனின் படத்தை உற்றுப் பார்த்தார். "இடது கண்ணு எங்க?"

"முடிக்குப் பின்னால இருக்கு."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

படக்காரி யோசித்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த முடியை அவள் ஒருமுறைகூட ஒதுக்கிவிட்டதில்லை. "இருக்கும்னு நம்பறேன் சார்."

"'சரிபார்க்கப்படவில்லை'ன்னு போட்டுக்கறேன். அப்புறம், இந்தப் பொண்ணு சிரிக்கறப்ப பின்னால பூ கொட்டுது. மரம் காணோமே?"

"மரம் கெடையாது சார். அது அவ மனசு."

"மனசுன்னா இணைப்பு நாலுல காட்டணும். அடுத்தவங்க வாங்க."

விசாரணை அறை முதல் மாடியில் இருந்தது. நீள மேசையின் இந்த முனையில் தலைவர், அந்த முனையில் உறுப்பினர் செயலர் அம்மையார். இருவருக்கும் நடுவில், முக்காலியில், ஒரு உதவியாளர். அவரை எல்லாரும் தபால் என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் உட்கார்ந்த அரை நிமிஷத்தில் விளங்கியது.

"தபால்," என்றார் தலைவர், "விசாரணையைத் தொடங்கலாமான்னு அவங்ககிட்ட கேளு."

"அம்மா, தொடங்கலாமான்னு கேக்கறாரு."

"தொடங்கறதுக்கு முன்னாடி மின்விசிறிய இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு."

"ஐயா, விசிறிய..."

"கேட்டுச்சு. முடியாதுன்னு சொல்லு."

சுவரில் வாரியத்தின் தொடக்க விழாப் புகைப்படம் இருந்தது. அதன் நடுப்பகுதியை ஒரு நாட்காட்டி மறைத்திருந்தது. பழைய ஆண்டின் நாட்காட்டி. அதை மாட்டியவர் தலைவர். அந்தப் படத்தில் அம்மையார் நடுவில் நின்றுவிட்டாராம், தலைவர் ஓரத்துக்குப் போய்விட்டாராம். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. இதையெல்லாம் தபால் வாசலில் வைத்தே, கேட்காமலே, சொல்லியிருந்தார்.

தலைவர் படக்காரியைப் பார்த்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, நாங்கள் காதலுக்கு விரோதிகள் அல்ல. முதிர்ச்சி இன்மைக்குத்தான் விரோதிகள். முதிர்ச்சி என்றால் என்ன? மனதில் உள்ளதை நேராக, அமைதியாக, சம்பந்தப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. இந்தப் பையன் பன்னிரண்டு புத்தகமாக ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இது வீம்பு. இது சிறுபிள்ளைத்தனம்." கொஞ்சம் நிறுத்தினார். "தபால், நான் சொன்னதை அவங்க ஏத்துக்கறாங்களான்னு கேளு."

"ஏத்துக்கறேன்னு சொல்லு," என்றார் அம்மையார் ஜன்னலைப் பார்த்தபடி. "ஆனா அவரு சொன்னதுக்காக இல்லன்னும் சொல்லு."

சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லன்னு..."

"அது கொள்கை," என்றார் தலைவர்.

அடுத்து கண்ணீருக்கு வந்தார்கள். விதிப்படி பக்கத்துக்கு இரண்டு துளி. விண்ணப்பத்தில் ஏழு. பேரம் என்று வந்ததும் சித்தப்பாவின் முகம் தெளிந்தது. நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, பன்னண்டு புத்தகமா அடக்கி வெச்ச பொண்ணு. ஆறு போட்டுக் குடுங்க."

"ரெண்டுன்னு சொல்லு தபால்."

"சரி, உங்களுக்கும் வேணாம் எங்களுக்கும் வேணாம். அஞ்சு."

"மூணு. அதுக்கு மேல பேச்சில்ல."

"மூணும் பெரிய துளியா இருக்கலாமில்ல?"

இதற்கு விதி இல்லை. தபால் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நாலு தடவை நடந்தார். கடைசியில் "நடுத்தர அளவு" என்று முடிவாயிற்று. சித்தப்பா வெற்றிப் பார்வையோடு திரும்பினார். படக்காரி மூன்று துளியில் நின்றுவிட்ட ஒரு அழுகையைக் கற்பனை செய்து பார்த்தாள். வெங்காயம் நறுக்குகிற அழுகை போல் இருந்தது.

"இப்போது வசனம்," என்றார் தலைவர். "'குடை இல்ல, நீ' என்பது வாக்கியமே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். 'வணக்கம். கடந்த சில காலமாகத் தங்கள்மீது எனக்கு ஏற்பட்டுள்ள நல்லெண்ணத்தை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் பதிலுக்கு அவசரம் ஏதுமில்லை.'"

"அதுக்கு அவ என்ன சொல்லுவா சார்?"

"'பெற்றுக்கொண்டேன்.'"

"மூக்கு?"

"துடைத்திருக்க வேண்டும்."

படக்காரியால் தாங்க முடியவில்லை. "சார், அவனுக்குப் பதினாறு வயசு."

"அதுதான் சிக்கல். வயதைக் கூட்டுங்களேன். நாற்பதுக்கு மேல் சான்றே தேவையில்லை. அதன்பிறகு முதிர்ச்சி தானாக வந்துவிட்டதாக விதி கருதுகிறது." இதைச் சொல்லிக்கொண்டே அவர் கைக்குட்டையால் விசிறியின் கழுத்தை மேசைக்காலோடு கட்டினார், அது அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க.

முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வியாழக்கிழமை முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஆளுக்கொரு பிரதி. தலைவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பையில் போட்டார். "நான் இதுவரை இந்த மாதிரிப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அதனால்தான் என்னை இங்கே நியமித்தார்கள்," என்றார். அம்மையார் தன் பிரதியை ஒன்றும் சொல்லாமல் எடுத்து, கைப்பையின் உள் அறையில் வைத்து, பித்தானைப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அச்சகத்தின் வெட்டு மேசையில் உட்கார்ந்து, தலைவர் சொன்ன வசனத்தைப் போட்டு, மூக்கைத் துடைத்து, மூன்று நடுத்தரத் துளியோடு அந்தப் பக்கத்தை அவள் மறுபடி வரைந்து பார்த்தாள். சித்தப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"யாரும்மா இது? நம்ம பையனா?"

"ஆமா."

"தவணை வசூலுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான்."

"அவங்க கேட்டது இதான் சித்தப்பா. நீங்களும்தான் பேரம் பேசி மூணுக்கு ஒத்துக்கிட்டீங்க."

சித்தப்பா மசித்துணியால் விரலைத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் துடைத்தார். "நான் வெலையக் கொறைப்பேன்மா. அது எங்க பரம்பரை வியாதி. ஆனா சரக்கக் கொறைச்சுக் குடுத்ததில்ல." அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்தார். மேசை நின்றது. "பழையதே இருக்கட்டும். வியாழக்கிழம மறுத்தாங்கன்னா வாங்கின காகிதத்துல வேற யாருக்காவது பஞ்சாங்கம் அடிச்சுக் குடுப்போம்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவளும் கவனிக்காத மாதிரி பேனாமுனையைக் கழுவினாள்.

வியாழக்கிழமை தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். அதிகாரி எழுந்து நின்றால் ஒன்று பாராட்டு, இல்லை பணிநீக்கம்.

"அம்மா," என்றார், "என் பணிக்காலத்தில் இப்படி ஒரு நூலை நான் படித்ததில்லை."

"சார்?"

"அன்றைக்கு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். முழுமையாகப் படித்த பிறகுதான் உங்கள் நோக்கம் புரிந்தது. தொடக்கத்திலேயே அந்தப் பையன் மூக்கு ஒழுக, அநாகரிகமாகக் காதலைச் சொல்கிறான். வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருக்கிறீர்கள். தவறிலிருந்து தொடங்கி வளர்ச்சியைக் காட்ட! அடுத்த கணமே தன் தவறை உணர்ந்து ஓடிவிடுகிறான். அந்தப் பெண்ணின் கண்ணீர் இருக்கிறதே, கன்னத்திலிருந்து ஏறிக் கண்ணுக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. ஏழும்! உணர்ச்சிக் கட்டுப்பாடு என்றால் அதுவல்லவா!"

படக்காரி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா கூரையைப் பார்த்தார். தலைவர் புத்தகத்தை இடப்பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்.

"பிறகு படிப்படியாக அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெட்கம் கூடுகிறது, பிறகு அதுவும் போகிறது. பேச்சு நிற்கிறது. முடிவில், ஆகா, மழையில் அந்தக் குடையை உரியவளிடம் ஒப்படைத்துவிட்டு நனைந்தபடி நிற்கிறான். அவளும் குடையோடு போய்விடுகிறாள். சொத்துத் தகராறு இல்லாத பிரிவு. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் அறிமுகமே இல்லை. வேறு வேறு வகுப்பில் நிம்மதியாகப் பாடம் கவனிக்கிறார்கள். முதிர்ச்சியின் உச்சம்!"

அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது.

படக்காரி வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் சித்தப்பாவின் செருப்பு அவள் காலைத் தேடி வந்து மிதித்தது. அவர் மிதிக்காவிட்டாலும் அவளுக்கு உடனே பேச்சு வந்திருக்காது. ஒன்பது வருஷ உழைப்பை ஒருவர் தலைகீழாகப் படித்துவிட்டுப் பாராட்டும்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவள் பழகியிருக்கவில்லை. அதோடு, அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பக்கமாகப் பார்த்தாலும் அது கதைதான். கண்ணீரும் குடையுமாக ஆரம்பித்து, பேச்சுக் குறைந்து, பார்வை குறைந்து, கடைசியில் ஒரே கூரைக்குக் கீழே அறிமுகம் இல்லாதவர்களாக உட்கார்ந்திருப்பது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கதைதான் நடக்கிறது. இந்த மேசையில்கூட.

"முழுச் சான்று வழங்குகிறேன். இருவருக்கும். ஒரு கோடு மாற்றக் கூடாது," என்றார் தலைவர். "தபால், மூணாவது மாடிக்குப் போய் முத்திரை மைப்பெட்டியை வாங்கிட்டு வா."

தபால் போனார். முக்காலி காலியானது.

அப்போதுதான் படக்காரி அம்மையாரைக் கவனித்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. அவர் முன்னால் அந்தப் பிரதி வலப்பக்க அட்டை மேலே தெரிய, சரியான பக்கம் வைக்கப்பட்டிருந்தது. குடைப் பக்கத்தில் ஒரு ரப்பர் பட்டை அடையாளமாக இருந்தது. அதற்கு அடியில், காகித உறை போட்டு, பன்னிரண்டாவது புத்தகம். ஓரங்கள் நைந்திருந்தன. இதை வாரியம் கேட்கவில்லை. அது கடையில் வாங்கிப் பல தடவை படித்த பிரதி.

அம்மையாருக்குத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று தெரியும். தலைவர் என்ன செய்திருக்கிறார் என்றும் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அவர் வாயைத் திறந்தார். தலைவரைப் பார்த்தார். மூடினார். முக்காலியைப் பார்த்தார்.

"தபால்," என்றார்.

முக்காலி பேசவில்லை.

"தபால் எங்க?" என்று அறையைக் கேட்டார்.

தலைவர் விசிறியைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "மைப்பெட்டி வாங்கப் போயிருக்கான்," என்றார்.

"எப்ப வருவான்னு..." என்று ஆரம்பித்த அம்மையார், அது நேராகத் தலைவரிடம் கேட்கிற கேள்வி ஆகிவிடும் என்று உணர்ந்து நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். விசிறி சுற்றியது, தலைவரை நோக்கி மட்டும். சித்தப்பா மூச்சை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அம்மையார் சான்றைத் தன் பக்கம் இழுத்தார். ஓர் ஊழியர் தன் கடமையைச் செய்ய வேண்டும். ஆனால் முதலில் பேசியவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், படக்காரிக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"பதினாலாவது கெடையாதா?"

"இல்லம்மா. அவன்தான் சொல்லிட்டானே."

"ஆமா," என்றார் அம்மையார். "சொல்லிட்டான். அதுக்கே இவ்வளவு நாள்." அப்புறம் குரலை அதிகாரத்துக்கு உயர்த்தி, "இணைப்பு நாலு இன்னும் வரல. பரவால்ல, பூவுக்கு விலக்கு அளிக்கப்படுது," என்றார்.

தபால் மைப்பெட்டியோடு வந்து முத்திரை குத்தினார். சித்தப்பாவும் படக்காரியும் படிக்கட்டு இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். திருப்பம் தாண்டியதும் சித்தப்பா மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"அந்தம்மா ஒரு வார்த்த பேசியிருந்தா தொலைஞ்சோம்!"

"அவங்களுக்குக் கொஞ்சம் முதிர்ச்சி இருந்திருந்தாக்கூட தொலைஞ்சோம் சித்தப்பா," என்றாள் படக்காரி. அவள் சிரிக்கவில்லை. சான்றைப் பைக்குள் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருந்தாள், கசங்காமல்.

புத்தகம் வந்தது. குடைப் பக்கம் மூக்கோடு, ஏழு துளியோடு, இரண்டு காலிக் கட்டத்தோடு அப்படியே வந்தது. வாரியத்தின் முத்திரை, தலைவர் உத்தரவுப்படி, இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் கடைசிப் பக்கத்தில், அறிமுகமற்ற இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தது. வாசகர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள், தாண்டிப் போனார்கள்.

வாரியம் மகிழ்ச்சியில் தன் ஆண்டறிக்கையையும் சித்தப்பாவின் அச்சகத்துக்கே கொடுத்தது. மெய்ப்பு பார்த்தது சித்தப்பாதான். வியாபாரி வீட்டுப் பிள்ளை என்பதால் எழுத்தைத் தாண்டி நேராகக் கணக்குக்குப் போனார். அங்கே, அலுவலக முறைப்படி, இப்படி இருந்தது:

முதிர்ச்சி, ஆண்டுத் தொடக்க இருப்பு: இல்லை.
ஆண்டில் வரவு: இல்லை.
வழங்கியது: இரண்டு பேருக்கு, முழு அளவில்.
ஆண்டு இறுதி இருப்பு: இல்லை.

கீழே தணிக்கையாளர் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: கையில் இல்லாத சரக்கை வழங்கியது எப்படி? விளக்கத்தில் தலைவரும் உறுப்பினர் செயலரும் கலந்து பேசிக் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். அதுவரை, நிலுவை: இரண்டு.